போணிக்கு வாங்கிய ரேம்

மார்ச் 6, திங்கள்

இன்று பௌர்ணமி. வீட்டில் சைவச் சாப்பாடு. டோஃபுவை அடுப்பில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் மார்க்கரை ஓடவிட்டேன். டோஃபு வெந்தது, இறக்கினேன், வீட்டுக்காரர் லுவானும் மகள் வியும் சாப்பிட்டார்கள், தட்டுகளையும் கழுவி வைத்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் திரை வெளுத்துப் போயிருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்து ஸைஸ் வரை தாங்குகிறது. ஆறாவதைக் கொண்டுவந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

தையல் கூடம் நடத்தும் துயெத் அக்கா கொடுத்திருப்பது பத்து ஸைஸ். பள்ளிப் பெண்களுக்கான வெள்ளை ஆவ் யாய், நீளமான மேலங்கி. உடம்பு, கை, கழுத்துப்பட்டை என்று எல்லாத் துண்டுகளையும் துணி வீணாகாமல் அடுக்க வேண்டும். மார்க்கர் என்பது அவ்வளவுதான். இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன், லுவானுக்கு இன்னும் நான் தையல்காரி. ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடலாம்தான். ஆனால் எல்லா ஸைஸையும் ஒன்றாகப் பரப்பினால்தான் சின்ன ஸைஸின் கை பெரிய ஸைஸின் இடுக்கில் போய் உட்காரும். மிச்சம் பிடிப்பதே அந்த இடுக்குகளில்தான்.

"இருபத்தி நாலாம் தேதிக்குள்ள கொண்டா தியெம். இப்ப என் ஆளு கையால போடுற மார்க்கரை விட உன்னுது துணி மிச்சம் புடிச்சா, வருஷம் பூரா உனக்குத்தான்" என்றார் துயெத் அக்கா. இல்லாவிட்டால் தோழி ஒவான் சொன்ன, லாங் ஆன் ஊரில் இருக்கும் தொழிற்சாலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு. வி ஒன்பதாவது படிக்கிறாள், ஜூனில் பரீட்சை. லுவான், "போய்டு, சம்பளம் நிச்சயமாச்சே" என்கிறார். எனக்குப் போக மனமில்லை. இதை இங்கேதான் எழுத முடிகிறது.

லேப்டாப் பழையது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பேட்டர்ன் அறையை மூடியபோது அங்கே கிடந்ததை, மென்பொருளோடும் அதன் சாவியோடும் என் தலையில் கட்டினார்கள். சாவி என்றால் பக்கத்தில் செருகும் பென் டிரைவ் மாதிரி ஒன்று. அது இல்லாமல் மென்பொருள் வாயைத் திறக்காது. கூடவே இந்த டைரியும் கொடுத்தார்கள், தொழிற்சாலையின் புத்தாண்டுப் பரிசு. வேலை போன கையோடு டைரி. வீணாக்குவானேன்.

இன்று காலையும் குப்பை வண்டியைத் தவறவிட்டேன். லுவான் ஓட்டுவது பைக் டாக்சி. கிளம்பி வாசலைத் தாண்டியதும் முதலில் பெண் முகத்தில் விழித்தால் அன்றைக்குச் சவாரி விளங்காது என்பது அவர் கட்சி. அதனால் பைக் சந்துமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை நான் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். வீட்டுக்குள் பார்த்தால் ஒன்றுமில்லையாம், வாசற்படிக்கு வெளியே பார்த்தால்தான் ஆகாதாம். அந்த ஒரு படியில் என் முகம் என்ன மாறிவிடுகிறது என்று யாரும் சொன்னதில்லை.

மார்ச் 7, செவ்வாய்

போனில் தேடிப் படித்தேன். கணினிக்குள் இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்று, எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கும் டிஸ்க். இன்னொன்று, அந்த நேரத்து வேலையைப் பரப்பிப் பார்க்கும் ரேம். சரிதான், ஒன்று துணி அலமாரி, இன்னொன்று கட்டிங் மேசை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, மேசை முழ நீளம் என்றால் மடித்து மடித்து விரிப்பதிலேயே பொழுது போய்விடும். என் லேப்டாப்பின் மேசை இரண்டு ஜிபி. பாவம், அது சோம்பேறி இல்லை, இடமில்லாமல் திணறுகிறது.

மேசையைப் பெரிதாக்க முடியுமா?

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். லுவான் ஒற்றை ரோஜா வாங்கி வந்து கொடுத்தார். காலையில் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டுப் போன அதே ஆள். ரோஜாவைத் தண்ணீரில் வைத்தேன். நல்ல வாசனை, அதைக் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைத் திறந்தேன். தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்கார்ந்தது. முதலில் கண்ணில் பட்டது பல்லிமுட்டை ஓடு. அதுவும் மின்விசிறிக்குப் பக்கத்திலேயே. சூடாக இருக்கிறது என்று பார்த்து இடம் பிடித்திருக்கிறது, கெட்டிக்காரப் பல்லி. தூசியை பிரஷால் தள்ளினேன். ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டை படுத்திருந்தது, அதுதான் ரேம். அதன் மேலேயே இன்னொரு ஸ்லாட், காலி. இத்தனை வருடம் அறையில் பாதி மேசையை மட்டும் போட்டுவிட்டு மீதி இடத்தைச் சும்மா விட்டிருக்கிறார்கள்.

காலி ஸ்லாட்டைப் பார்த்ததில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா கூப்ட்ட?" என்று போய்விட்டாள்.

மார்ச் 10, வெள்ளி

இன்று நான் செய்தது சுத்த முட்டாள்தனம்.

லுவான் போனதும் பழைய எலெக்ட்ரானிக் சாமான் சந்தைக்குப் போனேன். விலை விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், பழைய பட்டையைக்கூட எடுத்துப் போகவில்லை. அப்போதுதான் கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஒரு கடையில் தொப்பைக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கும் பூமி தெய்வத்துக்கு ஐஸ் காபி வைத்துக்கொண்டிருந்தார். பெயர் தாம், எட்டு என்று அர்த்தம். எட்டாவதாகக் கூப்பிடப்படும் பிள்ளையாம், அதனால் தாம் அண்ணன். நான்கு ஜிபி ரேம் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்துக் கையில் கொடுத்தார்.

"வீட்ல போய் எது பொருந்தும்னு பாத்துட்டு வரேண்ணே."

அவர் மேஜைமேல் இருந்த லைட்டரைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. போணி ஆகவில்லை, முதல் ஆள் நான். முதல் ஆள் வெறுங்கையோடு போனால் காகிதத்தைக் கொளுத்திக் கடை முழுக்கக் காட்டி தோஷம் கழிப்பார்கள். போன மாதம் மீன் சந்தையில் ஒருத்திக்கு அப்படிச் செய்ததை நானே பார்த்தேன், அவள் பத்தடி போகவில்லை, பின்னால் புகை. வீட்டில் தினம் கதவுக்குப் பின்னால் நிற்பது போதாதா? என் பெயரில் ஒரு காகிதமும் எரிய வேண்டுமா?

பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். "மவராசியா இரு தங்கச்சி" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. பட்டையில் அது நடுவுக்குக் கிட்டே, ஸ்லாட்டில் ஓரத்துக்குக் கிட்டே. லுவானாக இருந்தால் அழுத்தியிருப்பார். நான் பேட்டர்ன் வெட்டுகிறவள். கையில் போட்ட வெட்டுக்குறியும் அக்குளில் போட்ட வெட்டுக்குறியும் நேராக வரவில்லை என்றால் அது வேறு சட்டையின் கை, வம்பு பண்ணக்கூடாது. எடுத்துவிட்டேன். இது நான்காம் தலைமுறை ரேமாம், என்னுடையது மூன்றாம் தலைமுறை. யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் பயந்து வாங்கினேன்.

மார்ச் 11, சனி

வாங்கினதைக் காலையில் திருப்பிக் கொடுக்கப் போனால் அடிக்க வருவார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனேன். இந்தத் தடவை பழைய பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

தாம் அண்ணன் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த நொய்ச்சோற்றை வைத்துவிட்டு எழுந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"எங்கம்மா போயிட்ட நீ? நேத்து நீ போணி பண்ண, அதுக்கப்புறம் எனக்கு உக்கார நேரமில்ல. ரெண்டு மாசமா தூசி படிஞ்சு கெடந்த மானிட்டரு கூட போயிடுச்சு."

"அண்ணே, இது பொருந்தல. மாத்திக் குடுங்க."

"இப்பவா? இப்ப மாத்த மாட்டேன். நாளைக்கு காலைல வா. மொத ஆளா வா. வந்து மாத்திக்க, மேக்கொண்டு ஒரு பைசா வேணாம்."

"திருப்பிக் குடுக்கிறது போணி ஆகுமா?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஸ்க்ரூவும் சேத்து வாங்கிக்க. அது போணி."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சொல்லியும்விட்டேன்: எங்க வீட்டுக்காரரு காலைல வாசல்ல என் மொகத்தப் பாத்தா சவாரி கெடைக்காதுன்னு சொல்வாருண்ணே.

"அப்ப அவரு கண்ணதான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார் தாம் அண்ணன், சோற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டே.

கைராசிக்காரியாம் நான். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் நம்புகிறேனா? இல்லை. பிடித்திருக்கிறதா? ரொம்ப.

மார்ச் 12, ஞாயிறு

நம்பிக்கை இல்லைதான். இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

சரியான பட்டை கிடைத்தது, ஒரு ஸ்க்ரூவும். வெட்டுக்கு வெட்டு நேராக வந்தது. சாய்த்துச் செருகி மெதுவாகக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பிடித்துக்கொண்டன. பித்தான் ஓட்டைக்குள் போவது மாதிரி ஒரு திருப்தி.

மூடியைப் போட்டு ஆன் பண்ணினேன். இருட்டு. விசிறி ஓடுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. கொன்னுட்டேனா? இருந்ததும் போச்சா? துயெத் அக்காகிட்ட என்னன்னு சொல்றது?

"இப்ப ரொம்ப வேகமா அணையுதும்மா" என்றாள் வி.

அப்புறம்தான் தாம் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. "எரியலன்னா அழுவாத. தங்கக்கலர் பல்லு இருக்கில்ல, பள்ளிக்கூட ரப்பரால தேச்சிட்டு போடு." வியின் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரை வாங்கி, இரண்டு பட்டையின் பல்லையும் தேய்த்தேன். ரப்பர் கறுத்துப்போயிற்று. திரும்பச் செருகி ஆன் பண்ணினேன்.

எரிந்தது. வி தன் ரப்பரைத் திருப்பிக் கேட்டாள்.

மார்ச் 13, திங்கள்

மேசை பெரிதாகிவிட்டது, ஆனால் வேலை மாறவில்லை. ஆறு ஸைஸ் போகிறது, ஏழாவதில் அதே வெளுப்பு.

உள்ளே போய்ப் பார்த்தேன். மொத்தம் ஆறு ஜிபி என்று சரியாகத்தான் காட்டுகிறது. பக்கத்திலேயே, பயன்படுவது 2.9.

மீதி எங்கே?

மார்ச் 14, செவ்வாய்

கழற்றினேன், தேய்த்தேன், இடம் மாற்றிப் போட்டேன். 2.9. இருப்பது தெரிகிறதாம், எடுத்துப் பயன்படுத்தத் தெரியவில்லையாம். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா.

மார்ச் 15, புதன்

ராத்திரிச் சாப்பாட்டில் லுவான் ஒரு வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த சந்துக்குள்ள புதுசா வீடு கட்டியிருக்கான், நம்பர் இல்ல. பார்சல் வாங்கிட்டு வா, பார்சல் வாங்கிட்டு வான்னா? எங்க கொண்டு போறது? நம்பர் இல்லாத வீடு எனக்கு வீடே இல்ல."

கையில் மீன்துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்றிலிருந்து நான் படித்துப் படித்துப் புரியாததை மனுஷன் குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். ரேமில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வீட்டு எண் உண்டு. இந்த லேப்டாப்பில் போட்டிருப்பது பழைய 32 பிட் ஓ.எஸ். அதற்கு எண் எழுத இருக்கும் இடமே கொஞ்சம், நான்கு ஜிபியோடு எண் தீர்ந்துவிடும். அதிலும் ஒரு பங்கை திரைக்கும் மற்றதற்கும் ஒதுக்கிவிடும். அதற்கு மேல் கட்டிய வீடெல்லாம் நம்பர் இல்லாத வீடு, இருந்தும் யாரும் போக முடியாது. நீள எண் எழுதத் தெரிந்த 64 பிட் ஓ.எஸ். போட்டால் எல்லா வீட்டுக்கும் வழி கிடைக்கும்.

"என்ன, மீன் முள்ளா?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க நல்ல விஷயம் சொன்னீங்க."

சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

மார்ச் 16, வியாழன்

தாம் அண்ணனிடம் கேட்டேன், காலையில், முதல் ஆளாக, ஒரு வயர் வாங்கிக்கொண்டு. வழிக்கு வந்துவிட்டேன், பேரம் பேசத் தெரிகிறது.

"64 போட்டுக்கலாம் தங்கச்சி. பென் டிரைவ்ல ஏத்தித் தரேன். ஆனா டிஸ்க்கை தொடைச்சுட்டுதான் போடணும். உன்கிட்ட உள்ளது எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சுக்க. அப்புறம் அந்த சாவி, அது பழசு. புது ஓ.எஸ்.ல அது பேசுமா பேசாதான்னு எனக்குத் தெரியாது. பேசலன்னா உன் மென்பொருள் போச்சு."

இது பெரிய 'ஆனால்'. இப்போது ஆறு ஸைஸாவது ஓடுகிறது. தொட்டால் அதுவும் போகலாம். தொடாவிட்டால் பத்து ஸைஸ் ஒருநாளும் வராது, ஐந்து ஐந்தாகப் போட்டால் துயெத் அக்காவின் ஆள் கையால் போடுவதைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சம் வராது.

"பென் டிரைவ் சனிக்கிழமை தரேன். நாளைக்கும் வந்துடு, போணிக்கு." அவருக்கு அவர் கவலை.

மார்ச் 18, சனி

இன்று ஒரு சோதனை செய்தேன். இயந்திரத்தில் இல்லை, வீட்டில்.

போணிக்குப் போகிற அவசரம் என்று சாக்கு வைத்துக்கொண்டு, லுவான் கிளம்புவதற்கு முன்பே சந்துமுனைக்குப் போய் நின்றுகொண்டேன். பைக் வந்தது. என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார். பைக்கைத் திருப்பி வீட்டுக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முதலிலிருந்து புதிதாகக் கிளம்பி வந்தார். நான் நகரவில்லை. மறுபடியும் என் முகம்தான். இந்தத் தடவை தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி வரும்போது பொரித்த வாத்து வாங்கி வந்தார். சவாரி எப்படி என்று கேட்டேன்.

"சுமார்."

சுமாரான நாளில் யாரும் வாத்து வாங்குவதில்லை. வி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தொடைத்துண்டை அவள் தட்டில் வைத்தேன்.

மார்ச் 20, திங்கள்

ஒவான் போன் பண்ணினாள். "சனிக்கிழமைக்குள்ள பேர் குடுத்துடுடி, குவார்ட்டர்ஸ்ல என் பக்கத்துப் படுக்கை காலியா இருக்கு. நீயும் வந்தா ராத்திரி பேசிக்கிட்டிருக்கலாம்." அன்பாகத்தான் சொல்கிறாள். போனை வைத்தபின் வியின் சீருடையைத் துவைத்தேன். அது ஏற்கெனவே துவைத்தது.

மார்ச் 21, செவ்வாய்

பேட்டர்ன் எல்லாவற்றையும், மென்பொருளை நிறுவும் கோப்பையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். நாளைக்கு 64 பிட் ஓ.எஸ். போட்டுவிடப் போகிறேன் என்று சொன்னதும் லுவான் நாள்காட்டியைக் காட்டினார்.

"நாளைக்கு சந்திர மாசத்து மொத தேதி. எதையாவது போட்டு உடைச்சா மாசம் பூரா அதான். மறுநாள் பண்ணிக்கோ."

"மறுநாள் பண்ணி, கோளாறானா, சரி பண்ண ஒரே நாள்தான் மிச்சம்."

"உன் இஷ்டம். நான் சொல்லிட்டேன்."

என் இஷ்டமென்றால் என் இஷ்டம்தான்.

மார்ச் 22, புதன்

துடைத்தேன். போட்டேன். திரையில் அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் சாம்பிராணி வாசனை வந்தது. முதல் தேதி, சந்து முழுக்க எல்லா வீட்டிலும் பூஜை. நானும் பழம் வைத்துக் கும்பிட்டேன், லேப்டாப்பின் பெயரைச் சொல்லாமல்.

ஆறு ஜிபி. பயன்படுவது 5.9. எல்லா வீட்டுக்கும் நம்பர் கிடைத்துவிட்டது.

மென்பொருளைத் திரும்ப ஏற்றித் திறந்தேன். "சாவி இல்லை" என்றது.

சாவி இருக்குடா, கண்ணு முன்னாடி செருகியிருக்கேன். எடுத்துத் திரும்பச் செருகினேன். அடுத்த துளையில் செருகினேன். இல்லை. இல்லை. லுவான் சொன்னது பலித்ததா? இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. ஆனா நினைச்சுட்டேன். குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

திரும்பி வந்து நிதானமாக யோசித்தேன். சாவி கெடவில்லை, காலையில்கூட வேலை செய்தது. ஓ.எஸ்.ஸும் கெடவில்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ இல்லை. புது ஊருக்கு வந்தவன் பாஷை தெரியாமல் நிற்கிறான், அவ்வளவுதானா? சாவியின் முதுகில் பொடி எழுத்தில் எண் இருந்தது. ஊசியில் நூல் கோக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, அந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். செய்த நிறுவனத்தின் பக்கத்திலேயே, 64 பிட்டுக்கான சின்ன நிரல் ஒன்று சும்மா கிடந்தது. யாரோ எனக்காகவே போட்டுவைத்த மாதிரி.

இறக்கினேன். சாவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மென்பொருள் திறந்தது.

மார்ச் 23, வியாழன்

பத்து ஸைஸ். பத்தும் ஒரே திரையில். துண்டு துண்டாக வந்து இறங்குவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். பறக்கிறது என்று சொல்லமாட்டேன், கிழடு கிழடுதான். ஆனால் வெளுக்கவில்லை.

அது அடுக்கியதை நான் கையால் மேலும் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு கழுத்துப்பட்டையை எடுத்து இரண்டு கைகளுக்கு நடுவே செருகினேன், கச்சிதம். அந்த இடுக்கை இயந்திரம் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

மார்ச் 24, வெள்ளி

மார்க்கர் காகிதத்தை அச்சுக்கடையில் எடுத்துவர தாமதமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் லுவானைக் கூப்பிட்டேன், வந்தார். போகிற வழியில் தாம் அண்ணன் கடை. பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன்.

தாம் அண்ணன் லுவானை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அந்த ஆளு? தம்பி, ரெண்டு வாரமா இந்தம்மா மொகத்துல முழிச்சுதான் கடை தொறக்கிறேன். உனக்கு ஒரு ஆஃபர் தரேன். இந்த மொகம் உனக்கு வேணாம்னா சொல்லு, தெனம் காலைல நானே பைக் அனுப்பறேன்."

சுற்றியிருந்த கடைக்காரர்கள் சிரித்தார்கள். லுவானின் காது சிவந்துவிட்டது. துயெத் அக்கா கூடம் வரை பைக்கை முறுக்கியே ஓட்டினார்.

துயெத் அக்கா திரையில் காட்டும் சதவீதத்தையெல்லாம் நம்புகிறவர் இல்லை. காகிதத்தைத் துணிமேல் விரித்து, மேசை ஓரத்தில் தன் ஆளின் மார்க்கர் முடிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு என்னுடையது முடிகிற இடத்தில் ஒன்று. இரண்டு கோட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார், முழங்கை வரை போயிற்று.

"ஒரு லேயர் துணிக்கே இவ்ளோ மிச்சமா?" என்றார். அப்புறம் உள்ளே பார்த்து, "டேய், அந்த ஆம்பளைச் சட்டை பேட்டர்னையும் எடுத்து இவகிட்ட குடு" என்றார்.

வாழ்த்து, பாராட்டு, ஒன்றும் கிடையாது. அடுத்த வேலையைக் கையில் திணித்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மார்ச் 25, சனி

ஒவானுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னேன். "பக்கத்துப் படுக்கைக்கு குறட்டை விடறவ எவளாவது வரப்போறா" என்று திட்டினாள். வருத்தமாகத்தான் இருந்தது. வியிடம் சொன்னபோது "ம்" என்றாள். பத்து நிமிஷம் கழித்து, கேட்காமலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 3, திங்கள்

காலை. துயெத் அக்காவின் சட்டை மார்க்கரை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். லுவான் சாப்பிட்டார், ஹெல்மெட்டைப் போட்டார், வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். பைக் கிளம்புகிற சத்தம் வரவில்லை. வாசலிலேயே உறுமிக்கொண்டு நிற்கிறது.

"என்ன, மறந்துட்டீங்களா ஏதாவது?" என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

பைக்கை இரண்டு தடவை முறுக்கினார். அப்புறம், "நீ ஒரு தடவை வெளிய வந்துட்டுப் போயேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். வந்து நில்லேன்."

"மார்க்கர் ஓடிட்டிருக்கு. இருங்க."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பழைய லேப்டாப்தானே. ஆகும்."

இன்ஜினை அணைத்துவிட்டார். சந்தில் குப்பை வண்டியின் மணி கேட்டது. வாளியை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்து, மறுபடியும் பைக் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மார்க்கர் அப்போதே முடிந்துவிட்டது. இன்னொன்றை ஓடவிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அதுவும் இதோ முடியப்போகிறது, முன்னைப்போல் இல்லை, நல்ல வேகம். அவர் இன்னும் வாசலில் நிற்கிறார்.